வாக்குப் பெட்டிக்குள் இருக்கும் போர்

2024 நவம்பர் 14ஆம் திகதிக்குப் பிறகு கொழும்பில் ஒரு கருத்து ஆழமாக வேரூன்றிவிட்டது. தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் முதலிடம் பெற்றது. ஆகவே இனப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. இனி இந்நாட்டு அரசியல் என்றால் ஊழலும் விலைவாசியும்தான். இன்னும் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிழைப்புக்காகப் பேசுகிறார்கள். பத்திரிகைப் பத்திகளில் இது நாகரிகமாக எழுதப்படுகிறது. சிங்களத் தொலைக்காட்சி விவாதங்களில் உரத்துச் சொல்லப்படுகிறது. வெள்ளவத்தையில் மாடி வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்களும் "அந்தக் கதையை விடுங்கோ, பிள்ளையளின்ர படிப்பைப் பாப்பம்" என்று அதையே வழிமொழிகிறார்கள்.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் துப்பாக்கிகள் ஓய்ந்தது உண்மை. ஆனால் அதன் பின்னர் நடந்த ஒவ்வொரு தேசியத் தேர்தலிலும் அந்தப் போர்தான் உள்ளே நின்று வேலை செய்திருக்கிறது. 2024உம் அதற்கு விலக்கல்ல. போர் முடிந்துவிட்டது, பேசாதே என்று சொல்வதை நடுநிலை என்று பலர் நம்புகிறார்கள். போரின் இரண்டு தரப்புகளில் ஒன்று, தனக்கு வசதியாக எடுத்துவைக்கும் வாதம் அது.

அவர்களின் பலமான ஆதாரத்திலிருந்தே தொடங்கலாம். யாழ்ப்பாணத்தில் தேசிய மக்கள் சக்தி ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்றது. நாட்டை வியக்க வைத்த செய்திதான். ஆனால் அந்த மூன்று ஆசனங்களுக்குப் பின்னால் இருந்த வாக்கு சுமார் 25 வீதம். எண்ணிக்கையில் 80,000 சொச்சம். மீதி முக்கால்வாசி வாக்குகள் தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழுக்கள் என்று சிதறிப்போயின. தமிழ்க் கட்சிகளின் உட்சண்டையில் சலித்துப்போன மக்கள், பழைய முகங்களுக்கு ஒரு தண்டனை கொடுத்தார்கள். அதற்கு ஏழெட்டு வாரங்களுக்கு முன், செப்டம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில், இதே யாழ் மாவட்டம் தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கொடுத்தது 7 வீதத்துக்குச் சற்று மேல். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்குக் கிடைத்தது 31 வீதம். இனத்தை மறந்த வாக்காளர் ஏழு வாரத்தில் முளைத்துவிடுவதில்லை.

சரி, அந்த 80,000 பேர் எதற்காக வாக்களித்தார்கள்? தேர்தல் மேடைகளில் அவர்களுக்குச் சொல்லப்பட்டது காணி விடுவிப்பு, அரசியல் கைதிகளின் விடுதலை, பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் நீக்கம். தேர்தலுக்குச் சற்று முன், மூன்று தசாப்தங்களுக்கு மேலாக இராணுவ வேலிக்குள் கிடந்த வீதியொன்று பலாலிப் பக்கம் திறக்கப்பட்டது. இவை ஒவ்வொன்றும் போரின் கணக்கில் உள்ளவை. அரிசி விலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. போரின் மிச்சங்களை இந்தக் கட்சியாவது அகற்றித் தருமா என்று பார்த்துப் போட்ட வாக்கை, போரையே மறந்துவிட்டுப் போட்ட வாக்கு என்று வாசிப்பது பெரும் பிழை. பிழையின் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 2025 மார்ச்சில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரசுக்குச் சேரும் என்று வர்த்தமானி அறிவித்தல் வந்தது. உறுதியைப் பங்கருக்குள் விட்டுவிட்டு ஓடியவர்களும், உரிமையாளர் இறந்து பிள்ளைகள் கனடாவில் இருப்பவர்களும் நிறைந்த மண்ணில் மூன்று மாதம்! எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. வடக்கின் பெரும்பாலான சபைகளில் தமிழ்க் கட்சிகள் மீண்டும் முன்னுக்கு வந்துவிட்டன.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால் கோலம் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2010 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அதிக வாக்குப் பெற்றவர் சரத் பொன்சேகா. முள்ளிவாய்க்கால் வரை படையை நடத்திச் சென்ற அதே இராணுவத் தளபதி. தமிழர் அவருக்கு வாக்களித்தது, வெற்றியைத் தன் குடும்பச் சொத்தாக்கிக்கொண்ட மகிந்த ராஜபக்சவை இறக்குவதற்கு வேறு துருப்பு இல்லாததால். 2019இல் யாழ்ப்பாணத்தில் சஜித் பிரேமதாசவுக்கு 83 வீதத்துக்கு மேல். தெற்கே மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் கோட்டாபய ராஜபக்சவுக்கு மூன்றில் இரண்டு பங்கு. அந்தத் தேர்தல் முடிவுகளுக்கு நிறம் தீட்டி வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: வடக்கும் கிழக்கும் மலையகத்தின் நுவரெலியாவும் ஒரு நிறம், மிகுதி நாடு பெரும்பாலும் வேறு நிறம். கோட்டாபய பதவிப் பிரமாணம் செய்துகொண்ட இடம் அநுராதபுரத்தின் ருவன்வெலிசாய. எல்லாளனை வென்ற துட்டகைமுனு கட்டிய தாதுகோபுரம். சிங்கள மக்களின் வாக்கை மட்டும் கொண்டே வெல்ல முடியும் என்று தனக்குத் தெரிந்திருந்ததாக அங்கே வைத்தே சொன்னார். இதற்கு மேல் யாரும் விளக்கம் தரத் தேவையில்லை.

"அதெல்லாம் 2022க்கு முன், அரகலயப் போராட்டம் வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது, பொருளாதாரம்தான் இப்போது பிரச்சினை" என்பது அடுத்த வாதம். இதுதான் எனக்கு அதிகம் ஆத்திரமூட்டுவது. ஏனென்றால், பொருளாதாரத்தையும் போரையும் இரண்டு தனித்தனிப் பெட்டிகளாக வைக்கும் இந்தப் பழக்கமே நாட்டை வங்குரோத்தாக்கியது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, சுமார் 5,100 கோடி டொலர் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தது. அந்த நிலைக்கு நம்மைக் கொண்டுபோனவர்கள் யார்? போர் வெற்றியின் பெயரால் ஆட்சியைப் பிடித்தவர்கள். 2010 செப்டம்பரில் 18ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து ஜனாதிபதி எத்தனை தடவையும் போட்டியிடலாம் என்று ஆக்கியபோது, எதிர்த்துக் கேட்டவன் துரோகி என்று சொல்ல முடிந்ததற்கு அந்த வெற்றிதான் காரணம். அம்பாந்தோட்டையில் துறைமுகம், மத்தளையில் விமான நிலையம் என்று கடன் வாங்கிக் கட்டியபோது கேள்வி எழாமல் பார்த்துக்கொண்டதும் அதுதான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு பயந்துபோன நாடு, "போரை வென்றவர்" என்ற ஒரே தகுதிக்காக முன்னாள் பாதுகாப்புச் செயலாளரிடம் கருவூலத்தை ஒப்படைத்தது. அவர் வந்த கையோடு பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்தார். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்தார். கேட்க ஆளில்லை. போர் முடிந்து பதினான்கு ஆண்டு ஆகும் நேரத்தில், 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிவித்தலின்படி தரைப்படையின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை இரண்டு இலட்சத்துக்கு மேல்! அதை 2030இல் ஒரு இலட்சமாகக் குறைக்கப் போகிறார்களாம். 2022இல் கியூவில் எரிவாயுச் சிலிண்டரோடு நின்ற நுகேகொடைச் சிங்களவரும் கொட்டாஞ்சேனைத் தமிழரும் மாளிகாவத்தை முஸ்லிமும் அன்று கட்டிக்கொண்டிருந்தது அந்தப் போரின் வட்டியைத்தான்.

அரகலயவை நான் குறைத்துப் பேசவில்லை. 2022 மே 18ஆம் திகதி காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறி விளக்கேற்றினார்கள். தலைநகரின் நடுவில், சிங்கள இளைஞர்கள் பக்கத்தில் நிற்க. அது நடந்ததற்கு நன்றியுணர்வு எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கஞ்சி பிறகு என்ன ஆயிற்று? 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்த பெண்களை இரவோடிரவாக வீடு புகுந்து பொலிஸ் கைது செய்தது. காலிமுகத்திடலில் ஒரு மாலைப் பொழுதுக்கு அனுமதிக்கப்பட்ட நினைவு, சம்பூரில் குற்றமாக இருந்தது. இதில் எந்த நாட்டைக் கழுவித் துடைத்தது அரகலய?

நான் இருப்பது பேலியகொடையில். இங்கே களனிப் பாலத்துக்கு அப்பால் 2020இல் புறக்கோட்டையிலிருந்து இடம் மாற்றப்பட்ட மெனிங் சந்தையும் அதற்கு முன்பே வந்துவிட்ட மத்திய மீன் சந்தையும் இருக்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு அங்கே போய் நின்றால், போர் முடிந்துவிட்டது என்பவர்களுக்குத் தேவையான சாட்சியங்கள் எல்லாம் கிடைக்கும். யாழ்ப்பாண லொறி வந்து பின்பக்கம் திரும்பி நிற்கும். படங்கை அவிழ்க்க முன்னமே நாட்டாமிகள் தோளில் சாக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார்கள். சின்ன வெங்காய மூட்டைகள் முதலில் இறங்கும். முருங்கைக்காய்க் கட்டுகள் மேலே, வாழைக்குலைகள் வைக்கோலுக்குள். முதலாளி ஒரு வெங்காயத்தை எடுத்து நகத்தால் தோலைக் கிள்ளிப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய்விட்டு, சிங்களத்தில் ஒரு விலை சொல்வார். சாரதி தமிழில் மறுப்பார். இருவருக்கும் மற்றவரின் மொழியில் எண்கள் தெரியும். பேரம் படிந்த பிறகு பிளேன்டீ வரும். "இப்ப பிரச்சினை ஒண்டும் இல்ல தானே மல்லி?" என்று முதலாளி கேட்பார். "இல்ல முதலாளி" என்பார், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மூட்டை முழுவதையும் இறக்கிக் குத்திப் பார்த்துத் திரும்ப ஏற்றிய காலத்தை அனுபவித்த அந்த மனிதர். லொறியை வெயிலேற முன் திருப்ப வேண்டியவர் வேறு என்ன சொல்வார்?

இந்த உறவு பொய்யானதல்ல. அதன் மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் சந்தை உறவை அரசியல் இணக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவது வரலாறு தெரியாதவர்கள் செய்யும் வேலை. 1983 ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளை கனத்தையில் தொடங்கி மறுநாள் புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் பரவிய தீயில் எரிந்த கடைகளுக்கும் சிங்கள வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், கடன் கொப்பிகள் இருந்தன, பல வருட நட்பு இருந்தது. பல சிங்களக் குடும்பங்கள் உயிரைப் பணயம் வைத்து அயலவரைக் காப்பாற்றின. ஆனாலும் கடைகள் எரிந்தன, ஏனென்றால் எரித்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. தெருவுக்குத் தெரு தமிழ் வீட்டைப் பிரித்தெடுத்துக் காட்டியது அந்த இடாப்பு. பேலியகொடை அடங்கிய களனித் தொகுதிக்கு அப்போது எம்.பி.யாக இருந்தவர் கைத்தொழில் அமைச்சர் சிறில் மத்தியூ. இப்பகுதியில் வன்முறையை நடத்தியது அவரது தொழிற்சங்க ஆட்கள் என்று அக்காலத்தைப் பதிவு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தேர்தலுக்காகத் தயாரித்த பட்டியலே கொலைக்குப் பயன்பட்ட ஊரில், தேர்தலையும் போரையும் பிரித்துப் பேச எப்படி மனம் வருகிறது?

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் வித்யாலங்கார பிரிவெனா வரும். 1875இல் தொடங்கிய இந்தப் பேலியகொடைப் பிரிவெனாவின் பிக்குகள்தான் 1946இல், அரசியலில் ஈடுபடுவது பிக்குகளின் உரிமை என்று பிரகடனம் செய்தார்கள். அன்று அவர்களில் பலர் இடதுசாரிகள். ஏழைகள் பக்கம் நின்றவர்கள். ஆனால் திறந்துவிட்ட அந்த வாசலால் வேறு ஆட்களும் வந்தார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1957 ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம். மறு வருடம் ஏப்ரலில் ரோஸ்மீட் பிளேசில் பிக்குகள் வந்து அமர, பிரதமர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அவரையே 1959 செப்டம்பரில் ஒரு பிக்கு சுட்டார். சதியின் சூத்திரதாரி களனி விகாரையின் பிரதம குரு. என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இத்தனை இருக்கிறது. போர் 1983இல் வானத்திலிருந்து விழவில்லை, ஆகவே 2009இல் காற்றிலும் கரையவில்லை.

"அமெரிக்காவைப் பாருங்கள்" என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். வடக்கும் தெற்கும் நான்கு வருடம் அடித்துக்கொண்டு ஆறு இலட்சத்துக்கு மேல் சாகக் கொடுத்தும், 1865க்குப் பிறகு ஒன்றுபட்டு உலக வல்லரசாகிவிட்டார்களே, நம்மால் ஏன் முடியாது என்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முழுதாகப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் வெள்ளை வடக்கும் வெள்ளைத் தெற்கும் கைகுலுக்கிக்கொண்டன. அதற்கான விலையைக் கறுப்பின மக்கள் கொடுத்தார்கள். 1877இல், இழுபறியான ஜனாதிபதித் தேர்தலைத் தீர்க்க நடந்த பேரத்தில், தெற்கில் கறுப்பினத்தவரின் உரிமைக்குக் காவலாக நின்ற மத்திய படைகள் ஒதுங்கிக்கொண்டன. பிறகு என்ன நடந்தது என்பதற்கு லூசியானா மாநிலத்தின் கணக்கு ஒன்றே போதும்: 1896இல் பதிவான கறுப்பின வாக்காளர் 1,30,000க்கு மேல், 1904இல் 1,342. 1913இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஐம்பதாவது ஆண்டு விழா. இரு தரப்பிலும் சண்டையிட்ட 50,000க்கு மேற்பட்ட கிழவர்கள் ஒன்றுகூடினார்கள். அங்கே உரையாற்றிய ஜனாதிபதி வில்சனின் நிர்வாகம் அதே வருடம் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கத் தொடங்கியிருந்தது. அழகான நல்லிணக்க விழா அது. நம்முடைய நல்லிணக்க அமைச்சுகள் விரும்பக்கூடிய மாதிரிதான்.

அந்த நல்லிணக்கம் எதையும் ஆற்றவில்லை. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்ததும், அதற்கு எதிராக வாக்களித்த கோல்ட்வாட்டர் தன் சொந்த மாநிலத்துக்கு வெளியே வென்றது ஐந்து மாநிலங்கள் மட்டுமே: மிசிசிப்பி, அலபாமா, ஜோர்ஜியா, லூசியானா, தென் கரோலினா. ஐந்தும் 1860–61இல் முதலில் பிரிந்துபோனவற்றில் அடங்கியவை. நூறு வருடம் கழித்தும் வரைபடம் மாறவில்லை; கட்சியின் பெயர்தான் மாறியது. 2015இல் சார்ள்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர் கொல்லப்பட்ட பிறகே தென் கரோலினாச் சட்டசபை வளாகத்திலிருந்து, பிரிந்துபோன மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியை இறக்கினார்கள். 2021 ஜனவரி 6ஆம் திகதி அதே கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவன் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் நடந்தான். பிரிவினைத் தளபதி பிராக்கின் பெயரிலிருந்து மாற்றப்பட்ட இராணுவ முகாமுக்கு 2025இல், அதே குடும்பப் பெயர் கொண்ட வேறொரு வீரரைக் காரணம் காட்டி, மீண்டும் "பிராக்" என்று சூட்டினார்கள். நூற்றறுபது ஆண்டுகளில் ஆறாதது நமக்குப் பதினாறு ஆண்டில் ஆறிவிட்டதாம்.

அங்கே தோற்றவர்கள் ஊருக்கு ஊர் சிலை வைத்தார்கள். இங்கே தோற்றவர்களின் துயிலும் இல்லங்களைப் புல்டோசர் போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். வென்றவர்களின் சின்னங்கள் கிளிநொச்சியிலும் ஆனையிறவிலும் புதுக்குடியிருப்பிலும் எழுந்தன. 2021 ஜனவரியில் யாழ் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவில் இடித்தார்கள். முறை எதிரெதிராக இருந்தாலும் விளைவு ஒன்று: நாட்டில் ஒரு தரப்பின் இறந்தவர்களுக்கு மட்டும் அரச மரியாதை.

இப்போது ஆளும் கட்சிக்கு வருகிறேன். தேசிய மக்கள் சக்தியின் மையக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி தன் இறந்தவர்களை மறக்கவில்லை. ஒவ்வொரு நவம்பர் 13ஆம் திகதியும், ரோகண விஜேவீர கொல்லப்பட்ட நாளில், அவர்கள் தங்கள் தோழர்களை நினைவுகூர்கிறார்கள். அது அவர்களின் உரிமை, அதை நான் மனதார ஆதரிக்கிறேன். 1989இல் களனி கங்கையில் சடலங்கள் மிதந்தன. இந்தக் கரையில் வயதானவர்களிடம் கேளுங்கள், ஆற்று மீன் வாங்குவதையே நிறுத்திய காலத்தைச் சொல்வார்கள். கங்கையின் மேற்புறத்தில், பியகமப் பக்கம்தான் பட்டலந்த வதைமுகாம். அதைப் பற்றிய ஆணைக்குழு அறிக்கை கால் நூற்றாண்டு தூசி படிந்து கிடந்து, 2025 மார்ச்சில் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. பழையதைக் கிளறாதீர்கள் என்று அப்போது எந்த அமைச்சரும் சொல்லவில்லை. சரியாகவே சொல்லவில்லை.

அதே நவம்பரில் இரண்டு வாரம் தள்ளி, 27ஆம் திகதி, வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகிறார்கள். 2024இல் அதைப் பெரும்பாலும் தடுக்கவில்லை, அது முன்னேற்றம்தான். ஆனால் அந்நாளையொட்டி முகநூலில் படம் போட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் ஆட்கள் கைதானார்கள். 2025 மே மாதம் கனடாவின் பிரம்டனில் தமிழினப் படுகொலை நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது, வெளிவிவகார அமைச்சர் கனேடிய உயர்ஸ்தானிகரைக் கூப்பிட்டு ஆட்சேபம் தெரிவித்தார். ராஜபக்சக்களின் அமைச்சர் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்தக் கட்சிக்கும் அதன் போர்க்கால வரலாறு இருக்கிறது. 2005இல் சுனாமி நிவாரணப் பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அரசிலிருந்து வெளியேறியது, அவ்வருட நவம்பரில் மகிந்த ராஜபக்சவை ஆதரித்தது, 2006இல் வடக்கு–கிழக்கைப் பிரிக்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் பெற்றது எல்லாம் இவர்கள்தான். அதைப் பற்றி யாழ்ப்பாண மேடைகளில் ஒரு வார்த்தை இல்லை. நாமும் கேட்கவில்லை, ஏனென்றால் "பழையது."

தமிழ்த் தரப்பையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். 2005 நவம்பர் 17 தேர்தலில் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ் மாவட்டத்தில் விழுந்த வாக்கு 1.21 வீதம். மகிந்த வென்றது சுமார் 1,80,000 வாக்கு வித்தியாசத்தில். அந்த முடிவுக்கு நாம் கொடுத்த விலையை எந்தத் தமிழ்க் கட்சி இன்றுவரை வெளிப்படையாக விவாதித்திருக்கிறது? 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டில் 91 பேர். அவர்களில் பலர் சாதாரண அலுவலக ஊழியர்கள். 1999இல் தமிழ் எம்.பி. நீலன் திருச்செல்வத்தைக் கொன்றதும் நம்மிலிருந்து வந்த கைதான். இவற்றைப் பேச மறுக்கும் தமிழ் அரசியலும் "முடிந்தது" என்று சொல்லும் தெற்கின் அரசியலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இடையில் நசுங்கியவர்கள் முஸ்லிம்கள். 2009க்குப் பிறகு தெற்கில் எதிரி தேவைப்பட்டபோது அளுத்கமவும் திகனயும் எரிந்தன. கொவிட் காலத்தில் இருபது நாள் குழந்தையின் உடலைக்கூடப் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரித்தது அரசு.

இனி, கொழும்புத் தமிழருக்குப் போரோடு தொடர்பில்லை என்று நம்பும் வெள்ளவத்தை நண்பர்களுக்கு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். 376 பேர். மறுநாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2006 நவம்பரில் தமிழ் எம்.பி. ரவிராஜ் கொழும்பில் பட்டப்பகலில் சுடப்பட்டார். பத்து வருடம் கழித்து 2016 டிசம்பரில் சிங்கள ஜூரிகள் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை விடுவித்தார்கள். இன்னொரு தமிழ் எம்.பி.யான மகேஸ்வரன் 2008 புத்தாண்டு தினத்தன்று கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் கொல்லப்பட்டார். 2008இலும் 2009இலும் கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 11 இளைஞர்கள் கடத்தப்பட்ட வழக்கில், முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்வதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் தீர்மானித்தார். பெற்றோர் இன்னும் தேடுகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கும் பொலிஸ் படிவம் வந்தது, போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழில், நிரந்தர முகவரி, வாகன இலக்கம், தற்காலிகமாகத் தங்குபவர் இருந்தால் அவர் எங்கிருந்து எதற்காக வந்தார். எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறோம் என்றார் கொண்டுவந்தவர். எதிர் வீட்டுச் சிங்களக் குடும்பம் அதை மேசையில் போட்டுவிட்டு மறந்துபோனது. அம்மா அன்றே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் நிரப்பி, போட்டோ பிரதி எடுத்து, பிரதியைப் பொலித்தீன் உறையில் இட்டுத் தன் கைப்பையில் வைத்தார். 2008இல் எடுத்த பதிவுத் துண்டும் அதே உறைக்குள்தான் இருக்கிறது. ஒரே தெரு, ஒரே படிவம், இரண்டு வீடு. இந்த வேறுபாட்டை எந்தப் பொருளாதாரக் கொள்கை விளக்கும்?

கடைசியாக ஒரு வாதம் உண்டு, கொஞ்சம் மென்மையாகச் சொல்லப்படுவது: கிளறினால் புண் பெரிதாகும். செம்மணிக்கு வாருங்கள். 1996 செப்டம்பரில் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசாமி கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் ஒருவர், 1998இல் நீதிமன்றத்திலேயே, செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாகச் சொன்னார். மறு வருடம் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள், அத்தோடு மூடிவிட்டார்கள். 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் வேறொரு வேலைக்காக மண்ணை வெட்டியபோது எலும்புகள் வந்தன. செப்டம்பர் வரை இருநூறுக்கு மேற்பட்டவை. அவற்றோடு நீலநிறப் பள்ளிக்கூடப் பை ஒன்று, சிறுபிள்ளை எலும்புகளுக்குப் பக்கத்தில். யாரும் கிளறவில்லை. சுடலைக்கு ஒரு கட்டடம் கட்டப் போனார்கள், அவ்வளவுதான். இருபத்தேழு வருடம் பேசாமல் இருந்தபோது எந்தப் புண் ஆறியது?

2025 மே 19 படைவீரர் நினைவு நிகழ்வில் ஜனாதிபதி பங்கேற்கமாட்டார் என்று முதலில் செய்தி வந்தது. தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியதும் அவர் போனார். பழைய அரசியலைப் புதைத்துவிட்டதாகச் சொல்லும் ஆட்சி, 159 ஆசனத்தோடு, ஒரு கூச்சலுக்கு அசைந்தது. போர் முடிந்துவிட்டதென்றால் எந்த வாக்குக்காக அசைந்தது? தெற்கில் அந்த வாக்கு இன்னும் உயிரோடிருப்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை நினைவைப் பற்றிய தத்துவம் எதுவும் அல்ல. பட்டலந்தவுக்குக் கிடைத்த பாராளுமன்ற விவாதம் செம்மணிக்கும் கிடைக்க வேண்டும், அதே சபையில், அதே அமைச்சர்கள் எழுந்து பேச. கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கு மீண்டும் முன்கொண்டு செல்லப்பட வேண்டும். நவம்பர் 13க்குப் பொருந்தும் சட்டமே நவம்பர் 27க்கும் பொருந்த வேண்டும். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச்சட்டத்தை, வேறு பெயரில் திரும்பக் கொண்டுவராமல், நீக்க வேண்டும். அதை நீக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டாம், சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டாம். 225 பேர் கொண்ட சபையில் சாதாரணப் பெரும்பான்மை போதும், அது 2024 நவம்பரிலிருந்து அவர்கள் கையில் இருக்கிறது.